கயிறு இருக்கிறது, ஆளைக் காணோம்

கட்டுதல், ஆளுதல், அடங்குதல், வலி ஆகியவற்றைக் காமத்தின் வழியாகக் கொண்டு வயதுவந்தோருக்காக எழுதப்படும் கதைகளுக்கு பி.டி.எஸ்.எம். புனைவு என்று பெயர். இவற்றைப் பற்றி எம்மவரிடையே பேச்செழும்போது இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று கலாசாரக் காவலர்களுடையது. அதற்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டோம். மற்றது எமது நண்பர்களுடையது: மீறல் என்பதாலேயே அது இலக்கியம் என்கிறார்கள். எமது சண்டை இவர்களோடுதான்.

1785இல் பஸ்தில் சிறையிலிருந்தபடி, ஏறத்தாழ 12 மீற்றர் நீளக் காகிதச் சுருளில் சாட் பிரபு ‘சோதோமின் 120 நாட்கள்’ நூலை எழுதினார். இச்சைகள் அதில் இலக்கமிடப்பட்டு வருகின்றன. பெரும்பகுதி வெறும் குறிப்பாகவே நின்றுவிட்டது. சாட்டுக்கு மனிதர்கள் தேவைப்படவில்லை. கடவுளோடும் அறத்தோடும் வழக்காட அவருக்கு உடல்கள் போதுமாயிருந்தன. வழக்கு இருந்ததால் அந்தப் பட்டியலில் ஒரு பயங்கரம் இருக்கிறது. இன்று மலிந்து கிடக்கும் கதைகளில் பட்டியல் மட்டுமே எஞ்சியிருக்கிறது. எசமானுக்குப் பெரிய வீடு, அகன்ற தோள், குறைந்த பேச்சு. அடங்குபவளுக்கு நடுக்கம். முதல் பக்கத்தில் இருந்தவர்களே கடைசிப் பக்கத்திலும் இருக்கிறார்கள்; முடிச்சுகள்தான் மாறியிருக்கின்றன. ஊரில் ஒளித்து வைத்து விற்ற மஞ்சள் பத்திரிகைக் கதைகளுக்கும் இவற்றுக்கும் காகிதத்தின் தரத்தில்தான் வித்தியாசம்.

லியோபோல்ட் ஃபொன் சாகர்-மாசோக்கை எடுத்துக்கொள்வோம். 1836இல் லெம்பேர்க்கில், அதாவது இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில் பிறந்தவர். அவர் உயிரோடிருக்கும்போதே கிராஃப்ட்-எபிங் என்ற உளமருத்துவர் அவரது பெயரை ஒரு நோயின் பெயராக்கிவிட்டார். எழுத்தாளனுக்கு இதைவிடக் கொடிய விமர்சனம் வாய்க்காது. ஆனால் 1870இல் வெளிவந்த அவரது ‘உரோம ஆடையில் வீனஸ்’ நாவலில் நடப்பதென்ன? செவரினுக்கு அடிமையாகவேண்டும். வாண்டாவுக்கு எசமானியாக விருப்பமில்லை. அவன்தான் கெஞ்சுகிறான், பாடம் நடத்துகிறான். அடிமை இயக்குகிறான், எசமானி அவன் கற்பனை செய்த வேடத்தைப் போடுகிறாள். தன்னுள் ஆபத்தான எதையோ அவன் எழுப்புவதாக எச்சரிக்கிறாள். பிறகு வேடம் அவளுக்குப் பிடித்துப்போகிறது. பிறகு அவன்மேல் சலிப்பு. கடைசியில் அவள் சாட்டையை இன்னோர் ஆணின் கைக்கு மாற்றும்போது, செவரினின் விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போகிறது. இவ்வளவும் இரண்டு மனங்களுக்கிடையில் நடப்பவை. உடலைப் பற்றிய விவரிப்பு சொற்பம். மாசோக் தன் வாழ்விலும் 1869இல் ஃபனி பிஸ்டோர் என்ற பெண்ணோடு ஆறு மாதத்துக்கு இப்படியோர் ஒப்பந்தம் செய்தவர்.

இந்த ஒப்பந்தப் பேச்சைத்தான் பலர் அலுப்பென்று தாண்டிப்போகிறார்கள். எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை, எந்தச் சொல்லைச் சொன்னால் எல்லாம் நிற்கவேண்டும் என்று பேசத் தொடங்கியதுமே ஒருவர் அம்பலமாகிவிடுகிறார். எதைக் கேட்க வெட்கப்படுகிறார்? நிறுத்தும் சொல் தன் வாயில் இருந்தும் அதைச் சொல்ல ஏன் அஞ்சுகிறார்? பாத்திரம் பிறப்பது இங்கேதான். ஈ.எல். ஜேம்ஸின் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஒஃப் கிரே’ (2011) நாவலிலும் உயிருள்ள பகுதி, அனஸ்தேசியா ஒப்பந்தத்தின் வரிகளுக்குப் பேரம் பேசுவதே. மிச்சமெல்லாம் ஹெலிகொப்டர். நாயகனின் விருப்பத்துக்குச் சிறுவயதுக் காயத்தைக் காரணம் காட்டிக் காதலால் குணப்படுத்துகிறார் ஆசிரியர். வாசலால் அனுப்பிய கிராஃப்ட்-எபிங் கொல்லைப்புறத்தால் வந்துவிட்டார்.

‘ஓ’வின் கதையில் (பாரிஸ், 1954) நாயகிக்குப் பெயரே ஓர் எழுத்துத்தான். அதை எப்படி ஏற்கிறீர்கள் என்று கேட்கலாம். ஓவுக்கு ஒரு தொழில் இருக்கிறது, புகைப்படக் கலைஞர். அந்த ஆள் படிப்படியாக அழிவதை நூல் பார்த்துக்கொண்டிருக்கிறது. போலின் ரேயாஜ் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் தாமே என்று டொமினிக் ஓரி 1994இல், 86 வயதில் ஒப்புக்கொண்டார். காதலர் ஜோன் போலான் தன்னை விட்டுப் போய்விடாதிருக்க எழுதியதாம். கைவிடப்படும் அச்சம் நூல் முழுவதும் இருக்கிறது. அதற்கு இரண்டாவது முடிவொன்றும் உண்டு: சேர் ஸ்டீபன் தன்னை விட்டுப் போகப்போகிறான் என்று அறிந்த ஓ, சாக அனுமதி கேட்கிறாள், அவன் சம்மதிக்கிறான். சாட்டைகளைவிட இந்தச் சம்மதம்தான் எம்மைக் குலைத்தது.

வதைமுகாம்களைக் கண்டு வந்த சனத்துக்கு இதெல்லாம் எதற்கு என்றொரு கேள்வி எம்மை நோக்கி வருகிறது. நியாயமான கேள்வி. பின்னால் கட்டப்பட்ட கைகள் எம் சனத்துக்கு உவமை அல்ல. வதைமுகாமில் நிறுத்தும் சொல் கிடையாது. வதைப்பவனுக்கு எதிரில் இருப்பவர் யார் என்பதும் முக்கியமில்லை, உடல் இருந்தால் போதும். அப்படியானால், எதிரில் இருப்பவர் யாரென்று அக்கறைப்படாத கதை வாசகரை யாருடைய கதிரையில் இருத்துகிறது? கற்பனைதானே என்று நண்பர்கள் தட்டிக்கழிக்கலாம். எம்மால் முடியாது.

மேரி கெய்ட்ஸ்கில்லின் ‘செக்ரட்டரி’ (1988) கதையில் ஒப்பந்தமே இல்லை. தட்டச்சுப் பிழைகளுக்காக வழக்கறிஞர் அடிக்கிறார். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளுக்குள் அருவருப்பும் இச்சையும் ஒன்றாகக் கிடக்கின்றன, ஆசிரியர் பிரித்துத் தரவில்லை. 2002இல் வந்த திரைப்படம் அதைக் கல்யாணத்தில் முடித்து வைத்தது. படத்தை மெச்சும் நண்பர்கள் கதையையும் படிக்கட்டும். சிறுகதைதான், ஒரு மாலை போதும். உரிமை பெற்று யாராவது தமிழில் பெயர்த்துத் தந்தால் அதற்கு இந்தப் பக்கங்கள் உண்டு.