உலை வைக்குமுன் ஒரு பிடி

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில், தேரிக்காட்டின் செம்மணலை ஒட்டி முதலூர் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் ஊர் என்பதால் அந்தப் பெயர். புது வேதத்தில் சேர்ந்ததற்காகச் சொந்த ஊரில் அடிபட்டு விரட்டப்பட்டவர்களை 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் அங்கே குடிவைத்தார். முதலில் வந்தவர்கள் 28 பேர்.

அவர்களுடைய விசுவாசம் அசையவே இல்லை என்று சபை வரலாறுகள் சில எழுதும். அது பாதி உண்மைதான். 1811இல் கொள்ளைக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியபோது பலர் பழைய தெய்வங்களிடம் திரும்பிப்போனார்கள். கண்ணெதிரே பிள்ளை சாகும்போது எந்த வாசலையும் தட்டத்தான் தோன்றும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. 1816இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப் என்ற இராணுவ குருவானவர் சுற்றிப் பார்த்தபோது, மிஷனரி எவரும் கூட இல்லாமலே சுமார் 3,000 பேர் கிறிஸ்தவர்களாக நீடித்திருந்தார்கள்.

இந்த மக்களில் பெரும்பாலோர் பனையேறிகள். தளைநாரைக் காலில் மாட்டி, பாளை அரிவாளோடு ஒரு நாளில் எத்தனையோ மரம் ஏறி இறங்கும் உடம்பு. பதநீர் இறங்கும் மாதங்களில் கருப்பட்டி விற்ற காசு, மற்ற மாதங்களில் கடன். மழை பொய்த்தால் அதுவும் இல்லை.

1876 முதல் 1878 வரை மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லும் பஞ்சம் அதுதான். இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதுமென்று 1877இல் ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதே வேளையில் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் வந்து சேர்ந்தார்கள். "சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்" என்ற ஏச்சுக்குக் காரணம் இதுதான். ஏச்சில் உண்மை இல்லாமலில்லை; மழை பெய்ததும் திரும்பிப் போனவர்களும் உண்டு. ஆனால் பசித்தவன் சோறு கிடைக்கும் இடத்துக்கு வந்ததில் என்ன குற்றம்? வந்தவனுக்கு அங்கே என்ன நேர்ந்தது என்றல்லவா பார்க்க வேண்டும். அதே சீமையிலுள்ள நாசரேத் ஊரில் கனோன் மர்காசிஸ் என்ற மிஷனரி பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். 1878இல் அங்கே கைத்தொழிற்பள்ளி திறந்தது. கஞ்சித்தொட்டியை நம்பி வந்த பிள்ளையின் கையில் உளியும் தறியும் வந்தன.

பஞ்சத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, 1874இல், வெள்ளாளன்விளை குருவானவர் வீட்டில் பிறந்தவர் அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் அவரும் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். பணமும் ஆளும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் பிடிவாதம். பஞ்சம் முடிந்து 25 வருஷம்தான் ஆகியிருந்தது. வாங்கிச் சாப்பிட்டவர்களின் பிள்ளைகள், தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குத் தங்கள் காசில் ஊழியரை அனுப்பினார்கள்.

காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் பெரிய மனிதர்களின் நன்கொடையைத் தேடுவார்கள். நான் சமையற்கட்டைப் பார்க்கச் சொல்வேன். பிடி அரிசிக் காணிக்கை தென்மாவட்டச் சபைகளில் பழகிய வழக்கம். மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இதே வழக்கம் உண்டு. தொலைவில் இருந்தாலும் ஏழைகளின் வழி ஒன்றுதான். உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து அம்மா தனிப்பானையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். வீட்டில் அளந்த அரிசி எல்லோருக்கும் காணாது என்று தெரிந்த நாளிலும் பிடி எடுப்பாள். பிறகு உலையில் இன்னொரு செம்பு தண்ணீரை ஊற்றுவாள்.