கௌசானல் சாமியாரின் சகோதரர்களும் இன்றைய லத்தீனும்

மே மாதம் பாதி கழிந்துவிட்டால் கழுகுமலை, கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் ஒரே பேச்சுதான். "பிள்ளையை எங்கே போட்டிருக்கீக?" மஞ்சள் வேன் எந்த ஊர் வரைக்கும் வருகிறது, எல்.கே.ஜி.க்கு எவ்வளவு கேட்கிறார்கள், தவணையில் கட்டலாமா என்று டீக்கடையில்கூட விசாரணை நடக்கும். இந்தப் பேச்சில் 'சாமியார் பள்ளிக்கூடம்', 'சிஸ்டர் ஸ்கூல்' என்ற பெயர்கள் அடிக்கடி அடிபடும். அங்கே ஒழுக்கம் இருக்கும், இங்கிலீஷ் வரும் என்று இரண்டு காரணம் சொல்வார்கள். முதல் காரணத்தில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நம் ஊருக்கும் கத்தோலிக்கத் துறவற சபைகளுக்கும் உள்ள தொடர்பு பழையது. பக்கத்தில் உள்ள காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் இருந்து பணி செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இத்தாலியர் இங்கே வந்து நமக்கு இத்தாலிய மொழியைக் கற்றுக் கொடுக்கவில்லை. அவர் தமிழ் கற்றார். தேம்பாவணியும் சதுரகராதியும் பரமார்த்த குரு கதையும் எழுதும் அளவுக்குக் கற்றார்.

கழுகுமலைக்கு வந்தால், 1895-ஆம் ஆண்டுத் தேர்க் கலவரம் நினைவுக்கு வரும். தேரோடும் வீதியில் ஊர்வலம் போகும் உரிமைக்காக எழுந்த சச்சரவு, உயிர்ச்சேதத்தில் போய் முடிந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் இங்கே பலர் கத்தோலிக்கத்தில் சேர்ந்தார்கள். பழைய புண்ணைக் கிளறுவது என் நோக்கமல்ல. அந்த வரலாற்றில் வரும் ஒரு பெயருக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குரு அட்ரியன் கௌசானல். நம் பெரியவர்கள் வாயில் கௌசானல் சாமியார்.

அவர் 1903-இல் பாளையங்கோட்டையில் இயேசுவின் திரு இருதய சகோதரர்கள் சபையைத் தொடங்கினார். முத்துப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி நடத்துவதும் அந்தச் சபைதான். இதில் கவனிக்க வேண்டியது 'சகோதரர்கள்' என்ற சொல். இவர்கள் பூசை வைக்கும் குருக்கள் அல்ல. திருமணம் செய்யாமல், சொத்து வைக்காமல், துறவற வாக்குக் கொடுத்து, பிள்ளைகளுக்காக வாழ வந்தவர்கள். குருவானவருக்குக் கோயில், திருமணம், சாவு, பங்கு விவகாரம் என்று ஆயிரம் வேலை. பிரதருக்கு வகுப்பறையே கோயில்.

இந்த ஏற்பாட்டுக்கு முன்னோடியும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். ழான் பத்தீஸ்த் தெ லா சால். தூத்துக்குடி லசால் பள்ளியின் பெயர் இவருடையது. 1651-இல் ரேன்ஸ் நகரத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பேராலயத்தில் வருமானம் உள்ள பதவி இருந்தது, அதை விட்டார். பஞ்ச காலத்தில் தன் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தார். பிறகு ஆசிரியர்களைச் சேர்த்து, கைத்தொழில் செய்பவர்கள், ஏழைகள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் திறந்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்த காலத்தில், வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடத்தைச் சேர்த்து நடத்தும் முறையைப் பரவச் செய்தவர் அவர். காசு வாங்காமல் கற்றுக் கொடுக்கிறார் என்று பாரிசில் எழுத்தாசான்களின் சங்கம் அவர்மேல் வழக்குப் போட்டது. 1719-இல் இறந்தார். 1900-இல் புனிதர் பட்டம். 1950-இல் ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார்.

அவர் செய்ததில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது வேறொன்று. அந்தக் காலத்துப் பள்ளிகளில் எழுத்துக்கூட்டி வாசிக்க முதலில் கொடுப்பது லத்தீன் புத்தகம். லத்தீன்தான் படித்தவன் மொழி, பதவிக்குப் போகும் மொழி. லா சால் அதை மாற்றி, வீட்டில் பேசும் பிரெஞ்சில் வாசிப்பைத் தொடங்கினார். சார்த்ர் நகர ஆயர், லத்தீனில்தான் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தியபோது, லா சால் காரணங்களை எழுதிக் கொடுத்தார். அதன் சாரம் இதுதான்: தெரிந்த மொழியில் வாசிக்கக் கற்பது சுலபம்; அதைக் கற்றவன் பிறகு லத்தீனையும் விரைவில் வாசிப்பான். ஏழைப் பிள்ளை பள்ளியில் இருப்பதே சில வருடம். வேலைக்குப் போகும் வயது வந்ததும் பெற்றோர் நிறுத்திவிடுவார்கள். லத்தீனில் தொடங்கினால் அதுவும் முடியாது, பிரெஞ்சும் வராது, இரண்டும் இல்லாமல் வெளியே போவான். அதோடு நிற்காமல், தன் சகோதரர்கள் குருவாகவும் கூடாது, லத்தீன் கற்பிக்கவும் கூடாது என்று விதியே வைத்தார். மதிப்புள்ள பள்ளியாக ஆகிவிட்டால், ஏழைப் பிள்ளை தானாகவே வெளியே தள்ளப்படுவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைக்கு நமக்கு லத்தீன் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்நிய மொழியில் பாடம் படிப்பது என்னவென்று அனுபவித்துச் சொல்கிறேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பத்து வயதில் சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சின் ஆறுகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் தென்பெண்ணை எந்த மலையில் பிறக்கிறது என்று கேட்டால் தெரியாது. ஆனாலும் எனக்குப் பிரெஞ்சு வந்தது. காரணம், அப்பா அந்த மொழியில் படித்தவர். ராத்திரி விளக்கடியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மீன் விற்கிற அம்மாவின் மகன். சந்தைக் கணக்கை என்னைவிட வேகமாக மனதில் போடுவான். அதே கணக்கைப் பிரெஞ்சில் நான்கு வரியாக எழுதிக் கொடுத்தால் விழிப்பான். மக்கு என்று அவனுக்குப் பெயர் வந்தது. பாதியில் நின்றும் போனான். எங்கள் இருவருக்கும் புத்தியில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வீட்டில் இருந்தது.

அந்தப் பையனைத்தான் இன்று கழுகுமலையில் மறுபடி பார்க்கிறேன். எங்கள் தெருவில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் தாய்மார்கள் இருக்கிறார்கள். மாலையில் பிள்ளையின் டயரியை எடுத்துக்கொண்டு வருவார்கள். "ஐயா, மிஸ் என்ன எழுதிருக்காகன்னு பாத்துச் சொல்லுங்க." ஆங்கிலத்தில் ஒரு வரி வீட்டுப்பாடம் இருக்கும். அதைப் படிக்க என்னிடம் வர வேண்டும். செய்ய டியூஷனுக்கு அனுப்ப வேண்டும். வேன் காசு, ஃபீஸ், டியூஷன் மூன்றுமாகச் சேர்ந்து குழுக்கடனில் போய் நிற்கிறது.

இந்தக் கரிசல் பூமியில் பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததே பெரிய போராட்டம். மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் பொய்க்கும். பிள்ளை தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைப் பக்கத்து எட்டயபுரத்தில்தான் தொடங்கினார். அதற்குப் பிறகும் விடியுமுன் பஸ் வந்து பிள்ளைகளை வேலைக்கு அள்ளிக்கொண்டு போனதை நாம் பார்த்திருக்கிறோம். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்படிப் பாடுபட்டுப் பள்ளிக்குள் கொண்டுவந்த பிள்ளையை, புரியாத மொழியின் முன்னால் உட்கார வைத்துவிட்டோம்.

"உங்களுக்கென்ன, பிரெஞ்சு படித்தவர். ஏழை பிள்ளைக்கு இங்கிலீஷ் வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கட்டாயம் வேண்டும். ஆங்கிலம் தெரியாமல் சென்னையில் ஒரு கம்பெனிப் படி ஏற முடியாது. ஆனால் ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகக் கற்றுக் கொடுப்பது வேறு. அறிவியலையும் கணக்கையும் புரியாத ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வைப்பது வேறு. முதலாவதற்கு நல்ல ஆசிரியர் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு போர்டு போதும். இன்னொன்று: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு ஒதுக்கீடு தரும் சட்டம் 2010-இல் வந்தது. பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020-இல் திருத்தினார்கள். சர்க்கார் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

சபைகள்மேல் பழி போடுவது சுலபம். அவர்களுக்கும் நெருக்கடி உண்டு. பெற்றோர் ஆங்கில வழிதான் கேட்கிறார்கள். அரசு உதவி பெறும் தமிழ் வழிப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகிறது. கட்டடம் பழுது பார்க்கக் காசு வேண்டும். எல்லாம் சரி. ஆனால் கடையில் வாடிக்கையாளர் கேட்டதை வைத்து விற்கலாம். துறவற வாக்குக் கொடுத்தவர்களின் பள்ளி கடை அல்ல. ஊர் எதைக் கேட்கிறதோ அதை மட்டும் கொடுப்பதற்கு ஒரு மனிதன் வீடு வாசலைத் துறக்க வேண்டியதில்லை. யாரும் கேட்காத பிள்ளைக்காக நிற்பதற்குத்தான் துறவு வேண்டும்.

ஆங்கில வழிப் பள்ளிகளை மூடச் சொல்லவில்லை. அவற்றில் வரும் வருமானத்தில் ஒரு பங்கைத் தமிழ் வழிப் பள்ளிக்கும் அதன் விடுதிக்கும் கொடுங்கள். சபையில் இருப்பதிலேயே நல்ல ஆங்கில ஆசிரியரைத் தமிழ் வழி ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புங்கள். பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை தமிழில் ஒரு பக்கம் தெளிவாக எழுதவும் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் கூச்சமில்லாமல் பேசவும் செய்தால், மஞ்சள் வேன் தானாகத் திரும்பிப் போகும். தாய்மார்கள் புத்திசாலிகள், பலன் தெரிந்தால் வருவார்கள்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஓய்வூதியத்தில் இருப்பவர்கள். ஆசிரியராக இருந்தவர்களும் உண்டு. சாயங்காலம் ஆறு மணி முதல் ஏழரை வரை பள்ளிக் கட்டடங்கள் சும்மாதான் கிடக்கின்றன. ஒரு அறையையும் இரண்டு விளக்கையும் ஒரு பிரதரையும் சபை தரட்டும். வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைகளோடு உட்கார நாம் போகலாம். கழுகுமலையில் அப்படி ஓர் அறை திறந்தால் செவ்வாயும் வெள்ளியும் நான் வருகிறேன்.