பள்ளத்துச் சதுப்பு வீண் நிலமாகுமா?

நீலகிரியில் காய்கறி பயிரிடுவோர் பள்ளத்தின் அடியில் சதுப்பு நிலத்தைக் கண்டால், முதலில் வடிகால் வெட்டி நீரைப் போக்கவே எண்ணுகின்றனர். உதகை, காந்தல் பக்கங்களில் பல பள்ளங்கள் இவ்விதமே உருளைக்கிழங்கிற்கும் காரட்டிற்கும் இடங்கொடுத்துவிட்டன. எஞ்சிய சதுப்புகளையும் குட்டைகளையும் வடிப்பது குடியானவர்களுக்கே கேடாகும்.

அவற்றின் கரிய மண், குளிரினாலும் நீர்த் தேக்கத்தினாலும் புல் பூண்டுகள் முற்றும் மக்காமல் படிந்து உண்டானது. உதகையிலிருந்து கூடலூர் செல்லும் வழியிலுள்ள சாண்டிநல்லாவின் படிவுகளை ஆராய்ந்தோர், அவை சுமார் 20,000 வருஷத்து வரலாற்றைக் காட்டுவதாக 1993-ம் வருஷத்தில் வெளியிட்டனர். நீர் வடிந்தால் காற்றுப் புகுந்து இம்மண் சிதைகிறது. அப்பொழுது வெளிப்படும் சத்தினால் சில போகங்கள் செழிக்கின்றன. பிறகு மண் சுருங்கித் தாழ்கிறது. உர மூட்டைகளின் செலவு ஏறுகிறது. பஞ்சு போல் மழைநீரை ஏந்திவைத்து, உறைபனி விழும் தை மாசி மாதங்களில் சிறுகச் சிறுக விடும் தன்மையும் அதனுடன் ஒழிகிறது. கோடையில் கீழ்ப்பள்ளத்துக் கிணறு வற்றினால், மேற்பள்ளத்து வடிகாலை யார் நினைக்கிறார்கள்?

இந்நிலத்துத் தாவரங்களும் அற்பமானவை அல்ல. தோடர்கள் தம் கோயில்களுக்கு வேயும் அருகிய சதுப்புப் புல்லொன்று, சாஸ்திரப் பெயரில் எரியோக்ரைஸிஸ் ரங்காச்சாரியை எனப்படும். 1921-ல் தென்னிந்தியப் புல்வகைகளைப் பற்றி நூலெழுதிய கோயமுத்தூர் விவசாயக் கல்லூரி ரங்காச்சாரியாரின் பெயர் அதில் விளங்குகிறது. இமயத்தில் குஞ்சு பொரிக்கும் காட்டு உள்ளான் குளிர்காலத்தில் இச்சேற்றையே நாடி வருகிறது. தவளைகள் தோட்டத்துப் பூச்சிகளைத் தின்று குடியானவனுக்குக் கூலியின்றி உழைக்கின்றன.

அரை ஏக்கர் உடையவன் அதிலும் ஒரு மூலையைத் தரிசாக விடுவதெப்படி என்பர். இந்த ஆக்ஷேபம் நியாயமானதே. தனியொருவன் தலையில் இப்பாரத்தைச் சுமத்தலாகாது. கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலைக்கு 2024-ல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. பெயரில்லாக் குட்டைக்கு அத்தகைய காவல் ஏது? ஆகையால் புறம்போக்கிலுள்ள சதுப்பையேனும் ஊரார் பொதுவில் காக்கவேண்டும்: அங்கே ஆழ்ந்த வடிகால் வெட்டாமலும், விளிம்பில் சில கஜ அகலம் புல்லை உழாமலும் விடுவது போதும். அழகுக்கென்று ஏரம் லில்லியை அங்கே நடலாகாது. அது பரவிச் சுதேசப் பூண்டுகளை நெருக்கிவிடும். கிழங்கின் கருகல் நோய்க்குத் தாமிர மருந்து அடித்தபின் பம்பைக் குட்டையில் கழுவும் வழக்கம் உடனே நிற்கவேண்டும். தாமிரம் மீனுக்கும் தலைப்பிரட்டைக்கும் நஞ்சு. கழுவிய நீரைத் தோட்டத்திலேயே ஊற்றிவிடலாம்.