ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரையா? கிருமிக்குக் கொண்டாட்டம்!

காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவது நம் ஊர் வழக்கம். கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்த வீட்டில் அந்த வழக்கம் உயிருக்கே உலை வைத்துவிடும்!

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை பஸ் ஏறினேன். முன் சீட்டில் ராஜபாளையத்தில் ஏறிய ஒரு பெண். மடியில் ஆஸ்பத்திரி பைல். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலையாம். ஊர் உலகத்துப் புண்ணுக்கெல்லாம் கட்டுப்போடத் துணி அனுப்பும் ஊர் அது!

அவர் கணவருக்கு கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்திருக்கிறது. கிட்னி கொடுத்தது மாமியார். பிறகு 'சைட்டோமெகலோ' என்ற வைரஸ் கிளம்பியதால் டாக்டர் வால்கான்சைக்ளோவிர் மாத்திரை எழுதியிருக்கிறார்.

"மாத்திரை வெலையக் கேட்டா மயக்கம் வருது தம்பி. காச்சல்தான் நின்னு போச்சே, அதான் ஒருநாள் விட்டு ஒருநாள் குடுக்கேன்" என்றார்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா அக்கா?" என்றேன்.

"சொன்னா ஏச மாட்டாரா?" என்றார்.

அந்த அக்காவைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் அவர் மிச்சம் பிடிக்கும் மாத்திரை கிருமிக்குத்தான் லாபம். எப்படி?

எல்லோர் உடம்பிலும் உண்டு

இந்த வைரஸ் புதிதல்ல. நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கிறது. உடம்பில் எதிர்ப்பு சக்தி இருக்கும்வரை வாலாட்டாது.

மாற்றி வைத்த கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து இது எழுந்துவிடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கடைசியில் கிட்னிக்கே ஆபத்து. எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கண்பார்வையையே பறித்துவிடும்.

ஒரு பூ மாறினால் போதும்

மாத்திரை வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. திருடன் கையாலேயே அவனுக்கு விலங்கு பூட்ட வைப்பது போல! மருந்தை முதலில் முடுக்கிவிடுவதே வைரசின் 'யு.எல்.97' என்ற புரதம்தான். முடுக்கப்பட்ட மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூ கட்டுகிறவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். 20 வகைப் பூக்கள், யு.எல்.97 மாலையில் மொத்தம் 707 பூக்கள். வைரஸ் பெருகும்போது எங்காவது ஒரு பூ தவறி மாறிவிடும். 460ம் இடத்தில் மெத்தியோனினுக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்தால் போதும். மாலை பார்க்க அதேதான். ஆனால் அது மருந்தைச் சரியாக முடுக்கிவிடாது! 594, 595ம் இடங்களில் வரும் சில மாற்றங்களும் இப்படித்தான்.

முழு அளவில் தினமும் மருந்து போனால், வைரஸ் பெருகவே வழி குறைவு. அரைகுறையாகப் போனால் வைரஸ் பெருகிக்கொண்டே இருக்கும். மருந்துக்கு அடங்குவது சாகும். பூ மாறியது தப்பித்துக் குட்டி போடும். பிறகு முழு மாத்திரை கொடுத்தாலும் கேட்காது.

அப்போது கை கொடுக்க 'பாஸ்கார்னெட்' ஊசி இருக்கிறது. ஆனால் அது கிட்னியையே பாதிக்கக் கூடியது. கிட்னியைக் காப்பாற்றப் போய் கிட்னியைக் கெடுக்கும் கொடுமை! 2021ல் அமெரிக்கா அனுமதித்த 'மாரிபாவிர்' மாத்திரையும் உண்டு. அதே யு.எல்.97ல் 409ம் இடம் மாறினால் அதற்கும் பெப்பே!

போராடிப் பெற்ற மாத்திரை

இந்த மாத்திரைக்கு ஒரு கதை உண்டு. 2007ல் சென்னை காப்புரிமை அலுவலகம் இதற்கு ரோச் என்ற வெளிநாட்டுக் கம்பெனிக்குக் காப்புரிமை கொடுத்தது. எச்.ஐ.வி. நோயாளிகளின் சங்கங்களும், இந்திய மருந்துக் கம்பெனிகளும் எதிர்த்தன. வழக்கு சென்னை ஐகோர்ட் வரை போனது. 2010ல் காப்புரிமை ரத்தானது.

அப்படிப் போராடியும் தறி ஓட்டும் பெண்ணுக்கு மாத்திரை எட்டவில்லை என்றால் என்ன நியாயம்?

என்ன செய்யலாம்?

ஆபரேஷனுக்குக் காப்பீடு தரும் அரசு, அதன்பிறகு தேவைப்படும் இந்த மாத்திரை கடைசி நாள்வரை ஏழை கையில் சேரவும் வழி செய்ய வேண்டும். மருந்து கேட்காமல் கிட்னி கெட்டுப்போனால் ஆகும் செலவை நினைத்தால் இது பெரிய காசல்ல.

ஒழுங்காகச் சாப்பிட்டும் இரண்டு வாரத்தில் ரத்தத்தில் வைரஸ் குறையாவிட்டால், எந்தப் பூ மாறியது என்று மரபணுச் சோதனை செய்ய வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவையும் அங்கேயே கொடுத்தால் ஏழைக்கு பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022லேயே வந்துவிட்டதே!

மருந்துக்கடை அண்ணாச்சிகளே! எழுதிய கணக்கில் பாதி மாத்திரை மட்டும் வாங்குபவரிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டாக்டர்களே! "காசில்லை" என்று சொல்பவரை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை சொல்லாமலே நிறுத்திவிடுவார்.

திருமங்கலம் வருவதற்குள் அந்த அக்கா, "இன்னைக்கு டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லிடுதேன் தம்பி" என்றார். அவர் சொல்லிவிடுவார். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

பெற்ற தாய் அறுத்துக் கொடுத்த கிட்னி, மாத்திரைக் காசுக்காகப் பறிபோகலாமா? அதிகாரிகள் கவனிப்பார்களா?