ஏற்றிவிடுதல் எளிது

வாழைக்குலைக்கும் வெண்பனி மூடிய மலைக்கும் யாது தொடர்பு என்று எவரேனும் வினவினால் நாம் நகைப்போம். ஆயினும் தொடர்பு உண்டு. 1936ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் யூனியன் பசிபிக் இரயில்வேக் கம்பனி, ஐடஹோ மாநிலத்துச் சன் வாலி என்னுமிடத்திற் பனிச்சறுக்கு விளையாட்டுக்கென ஓர் உல்லாசத்தலத்தை அமைத்தது. விருந்தினரை மலைமேல் ஏற்றுவது எங்ஙனம் என்ற வினா எழுந்தது. கம்பனியின் பொறியியலாளருள் ஒருவரான ஜிம் கரன், முன்னர் வாழைக்குலைகளைக் கப்பலில் ஏற்றும் பொறியமைப்பிலே பணிபுரிந்தவர். ஓயாது சுழலும் கம்பிவடத்திற் கொளுக்கிகள், கொளுக்கிகளிற் குலைகள். கொளுக்கிக்குப் பதிலாகக் கதிரையையும், குலைக்குப் பதிலாக மனிதனையும் வைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். ஒமாகா நகரிற் கோடைகாலத்திலே, பனி இல்லாமையாற் சில்லுச் சப்பாத்து அணிந்தவர்களைக் கொண்டு அக்கதிரையைப் பரீட்சித்தனர். அவ்வாண்டு டிசம்பரிற் சன் வாலியிலே உலகின் முதலாவது கதிரைத் தூக்கிகள் ஓடத் தொடங்கின.

இதற்கு முன்னரும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஜேர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் விடுதி நடத்திய றொபேட் வின்ரர்ஹால்டர் என்பார், 1908இல் நீராலையின் வலுவினாற் கம்பிவடத்தை இயக்கி, 280 மீற்றர் நீளமான சரிவிலே விருந்தினரை இழுத்தேற்றினார். 1934இல் வேர்மொன்ற் மாநிலத்து வூட்ஸ்ரொக்கில், பழைய போர்ட் மோட்டார் எஞ்சின் ஒன்று மேய்ச்சல் நிலத்திலே கயிற்றைச் சுழற்ற, அதனைப் பற்றியவர் மேலே சென்றனர். அதே ஆண்டிறுதியிற் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலே ஏர்னஸ்ற் கொன்ஸ்ராம் என்னும் பொறியியலாளர், இடுப்பின் பின்னே தாங்கி இழுக்கும் வளைகோல் தூக்கியை நிறுவினார்.

இவையனைத்தும் மனிதனை மேலே ஏற்றின. ஆனால் வாழைக்குலைக்கும் மனிதனுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏற்றப்பட்ட குலையின் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஏற்றப்பட்ட மனிதனுக்கோ அப்பொழுதுதான் வேலை தொடங்குகிறது. அவன் தன் காலினாலேயே கீழே வந்து சேரவேண்டும்.

புதிதாகக் கற்பவன் முதலிற் பயிலுவது "பனிக்கலப்பை" என்னும் நிலையாகும். பலகைகளின் முனைகளை நெருக்கி, வால்களை அகற்றி, உள்விளிம்புகளாற் பனியை உழுதுகொண்டு மெல்ல இறங்குவது அது. ஒஸ்திரியாவின் சென்ற் அன்ரன் ஊரிலே 1921இற் பனிச்சறுக்குப் பாடசாலையை அமைத்த ஹன்னஸ் ஷ்னைடர், இந்நிலையிற் தொடங்கிப் படிப்படியாக விரைவான திருப்பங்களுக்கு மாணவனை இட்டுச் செல்லும் முறையை வகுத்துப் புகழ்பெற்றார். ஒரு படி கைவந்த பின்னரே மறுபடி என்பது அம்முறையின் உயிர்நாடி.

இப்படியான மாணவனைத் தகுதிக்கு மீறிய சரிவிலே விட்டால் நிகழ்வது யாது? அச்சம் பிறக்கும். அஞ்சியவன் இயல்பாகவே பள்ளத்தை விட்டு விலகி, மலைப்பக்கமாகப் பின்னே சாய்வான். சாயவே உடற்பாரம் பலகையின் வாலுக்குப் போய்விடும். முன்முனை கனமிழந்து, திருப்பினாலும் திரும்பாது. வேகம் மிகும், வேகம் மிகவே அச்சமும் மிகும். விழுந்தவன் தன்னிடம் திறமை இல்லையென்று முடிவுசெய்து வீடு திரும்புவான். உண்மையிலே குறை அவனுடையதன்று. அவனுக்கென அச்சரிவைத் தெரிந்த திட்டக்காரருடையது.

ஆதலின் மலையைத் திட்டமிடுவோர் சில விதிகளைப் போற்றவேண்டும். முதற்சரிவு மிக மென்மையாய் இருத்தல் வேண்டும். நூறடி தூரத்துக்குப் பத்தடி அளவான இறக்கம் போதியது. அதன் அடிவாரம் சமதரையாகி, சற்றே மேனோக்கி எழுதல் நன்று. நிறுத்தத் தெரியாதவனையும் நிலமே நிறுத்திவிடும். சரிவு ஒருபக்கம் கோணலாக வழியலாகாது. தேர்ந்தவர்கள் அதனூடே விரைந்து குறுக்கிடும் வழியாகவும் அஃது இருத்தலாகாது. காதருகே ஒருவன் சீறிச் செல்கையில் எவன்தான் பாடத்திலே மனம் வைப்பான்?

தூக்கியும் மாணவனுக்கு ஏற்றதாய் அமையவேண்டும். கயிற்றைப் பற்றி ஏறினாற் கற்பதற்கு முன்னரே கை சோர்ந்துவிடும். இக்காலத்திலே முதற்சரிவுகளில், "மாயக் கம்பளம்" எனப்படும் நகரும் பட்டியை அமைக்கின்றனர். நின்றபடியே மேலே செல்லலாம். அடுத்த படி கதிரைத் தூக்கி. 1981இற் கொலராடோ மாநிலத்துப் பிரெக்கன்றிட்ஜில் ஓடத் தொடங்கிய நால்வர் கதிரைத் தூக்கியிலே, கதிரை நிலையத்தை அடைந்ததும் வடத்திலிருந்து கழன்று மெதுவாகவும், புறப்பட்டதும் வடத்தைக் கவ்வி விரைவாகவும் செல்லும் ஏற்பாடு இருந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் தடுமாறும் புதியவர்க்கு இது பேருதவி. எனினும் இறங்குமிடத்திலிருந்து எளிய வழியொன்று கீழே செல்லாவிடின், எவ்வளவு சிறந்த தூக்கியும் பொறியாகவே முடியும்.

வட அமெரிக்காவிலே பச்சை வட்டம் எளிய வழியையும், நீலச் சதுரம் நடுத்தர வழியையும், கருஞ்சாய்சதுரம் கடின வழியையும் குறிக்கும். பொதுவாக நூற்றுக்கு இருபத்தைந்து வரையான இறக்கம் பச்சை, நாற்பது வரை நீலம், அதற்குமேற் கறுப்பு. ஆனால் இக்குறிகள் அந்தந்த மலையின் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இடப்படுபவை. ஓரிடத்து நீலம் வேறோரிடத்துக் கறுப்பாகலாம். மேலும், நெடுவழி முழுதும் மென்மையாய் இருந்து, நடுவிலே ஐம்பது யார் மட்டும் செங்குத்தாயின், புதியவனுக்கு அவ்வழி முழுதுமே செங்குத்துத்தான். பச்சைக்கும் நீலத்துக்கும் இடையே பல மலைகளிற் படியொன்று குறைகிறது. கற்போர் பலர் நின்றுபோவது அவ்விடத்திலேதான்.

சன் வாலிக்கு மீளுவோம். அங்கே முதற்றூக்கிகள் அமைந்தவற்றுள் ஒன்றான டொலர் மலை, 628 அடி இறக்கமே உள்ள, மரங்களற்ற, திறந்த மலை. அண்மையிலுள்ள போல்ட் மலையோ 3,400 அடி இறக்கமுடையது. 1939இலேயே அதிற் தூக்கிகள் வந்தன. இன்றும் டொலர் மலை கற்போருக்குரிய மலையாகவே பேணப்படுகிறது. பெரிய மலையின் புகழுக்காகச் சிறிய மலை கைவிடப்படவில்லை. விளம்பரப் படங்களில் இடம்பெறுவது உச்சிதான். ஆயினும் உச்சிக்கு ஆட்களை ஆக்கித் தருவது சிறுமலையே. வண்டித்தரிப்பிடத்து மூலையொன்றிலே புதியவரை ஒதுக்கிவிட்டு, பணம் முழுவதையும் உச்சியிற் கொட்டும் முதலாளி, நாளைய விருந்தினரை இன்றே இழக்கிறார்.

வெண்பனியைக் காணாத நமக்கு இதனால் ஆவதென்ன என்று மாணவ நேயர்கள் வினவலாம். பிள்ளையின் கல்வியை வகுக்கும் பெற்றோரும் ஆசிரியரும் சரிவுகளைத் திட்டமிடுவோரே. அடியிலே ஒரு படி விடுபட்ட கணக்கை, மேல்வகுப்புக்கு ஏற்றிவிடுவதால் ஈடுசெய்ய இயலாது. பின்வாங்கும் பிள்ளையை மந்தன் என்று கூறுமுன், நாம் காட்டிய சரிவு எத்தகையது என்று பார்த்தல் முறையன்றோ? எவ்வளவு உயரத்துக்கு ஏற்றினோம் என்பதன்று கேள்வி. அங்கிருந்து தன் காலிலே நின்று, அஞ்சாது இறங்கிவர அவனாற் கூடுமா என்பதே கேள்வி.