பதினாறாம் நாளுக்குப் பின்

இறப்பு நேர்ந்த இல்லத்திற்கு உடனே ஓடிச் சென்று உதவுவதில் நம் மக்கள் எவர்க்கும் இளைத்தவரல்லர். அடுப்பெரியாத வீட்டிற்கு அண்டை வீட்டார் உணவு கொணர்வர். துக்கம் விசாரிக்க ஊரே திரளும். ஆயின், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர் ஊர் திரும்புவர். குடும்பத்தின் நெடுந்துயர் அதன் பின்னரே தொடங்குகிறது. பள்ளிப் பெற்றோர் அமைப்புகளின் பணியும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

இஃது இரக்கம் மட்டும் சார்ந்த செயலன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என வகுத்துள்ளது. மாணவரின் வருகையைக் கண்காணிப்பது அக்குழுவின் பொறுப்புகளுள் ஒன்று. தந்தையை இழந்த மகனைப் பட்டறைக்கும், மகளை உரிய வயதிற்கு முன்பே மணமேடைக்கும் அனுப்பத் துணிவது வறுமையின் இயல்பு. அச்சட்டம் அளிக்கும் கட்டாய இலவசக் கல்வியின் உறுதியோ 14 வயதோடு நின்றுவிடுகிறது. அவ்வயதைக் கடந்த பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வாராவிடின், வீடு தேடிச் சென்று கேட்கும் கடமை சக பெற்றோர்க்கு உண்டு.

அரசின் உதவிகள் இல்லாமலில்லை. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் மாணவரின் வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறப்பின், பிள்ளையின் கல்விக்கென 75,000 ரூபாய் வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கும் ‘அன்புக் கரங்கள்’ திட்டம் 2025இல் தொடங்கப்பட்டது. ஆனால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், காவல்துறை ஆவணங்கள் எனப் படிவங்கள் நீளும்போது, கணவனை இழந்து நிற்கும் பெண்ணொருத்தி தனியே என் செய்வாள்? அலுவலக நடைமுறை அறிந்த பெற்றோர் ஒருவர் அவளுடன் வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் செல்வாராயின், அது நூறு ஆறுதல் மொழிகளினும் மேலானது.

பணம் திரட்டுவதிலும் பண்பு வேண்டும். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் கைப்பேசிக் குழுவில் வெளியிடுவதும், காசோலை நீட்டிப் படம் எடுப்பதும் அக்குழந்தையின் தன்மானத்தைப் பறிப்பனவாம். கட்டணமோ பேருந்துச் செலவோ, தலைமையாசிரியர் வழியே ஓசையின்றிச் சேர்வதே முறை.

பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையை ‘பாவம்’ என்னும் சொல்லால் வரவேற்றல் கூடாது. என்ன நேர்ந்ததென வகுப்புத் தோழர்க்கு ஆசிரியர் முன்கூட்டியே எடுத்துரைக்கலாம். விடுபட்ட பாடக் குறிப்புகளைத் தோழர்கள் எழுதித் தரலாம். இறந்தவரைப் பற்றிப் பிள்ளை பேச விழைந்தால் செவிமடுக்க வேண்டும்; விழையாவிடின் வற்புறுத்தலாகாது. தாய், வழக்கம்போலப் பள்ளி விழாவிற்கு அழைக்கப்பட வேண்டும். கைம்மையைக் காரணங்காட்டி அவளைப் பின்வரிசைக்குத் தள்ளும் கொடுமை, கல்விக்கூடத்திலேனும் ஒழிக.

குழந்தையையே பறிகொடுத்த பெற்றோர் நிலை இன்னும் கொடியது. பள்ளியோடு அவர்க்கிருந்த உறவை ஒரே நாளில் அறுத்தெறிதல் தகாது. அவர்தம் எண்ணைக் குழுவினின்று நீக்குமுன்னும், பிள்ளையின் நூல்களையும் ஓவியங்களையும் அகற்றுமுன்னும் அவர்களைக் கேட்க வேண்டும். அதே பள்ளியில் பயிலும் உடன்பிறந்தாரையும் மறத்தலாகாது.

இவையெல்லாம் நல்லெண்ணத்தால் மட்டும் நிகழா. எல்லாருக்கும் பொதுவான பொறுப்பு, இறுதியில் ஒருவர்க்கும் உரியதாகாமல் போவதே உலகியல்பு. ஆதலின், ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் அமைப்பும் தன் அடுத்த கூட்டத்திலேயே இருவரை இப்பணிக்கெனப் பெயர் குறித்து அமர்த்துக. ஓராண்டுக் காலமேனும் அக்குடும்பத்தைத் தொடர்ந்து காணுமாறு தீர்மானம் இயற்றுக. அக்குழந்தை படிப்பை நிறைவு செய்யும் வரை அப்பொறுப்பு தீர்ந்ததாகக் கருதற்க.