வெட்டியும் சாகாத தைல மரம்!

புதுக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் தைல மரக் காடுகளைப் பார்த்திருப்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் இது. 1974-ல் அமைந்த தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் இங்கே பெருமளவில் வளர்க்கிறது. காகிதத்துக்காக வெட்டுகிறார்கள். வெட்டிய கட்டை மறுபடியும் தளிர்க்கிறது!

இலையே இல்லாத கட்டைக்குச் சாப்பாடு ஏது?

இலை வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. அன்றாடச் செலவு போக மிஞ்சியதை மரம் மாவாக்கி, அடிமரத்திலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. பத்தாயத்தில் நெல் கொட்டி வைக்கிறோமே, அதைப்போலத்தான். வெட்டு விழுந்ததும் பத்தாயம் திறக்கிறது.

தென்னையிலும் சேமிப்பு உண்டு. ஆனால் குருத்து ஒன்றே ஒன்று. 2018 நவம்பரில் கஜா புயல் தலையை முறித்த தென்னைகள், பாவம், பிறகு துளிர்க்கவே இல்லை.

தண்ணீர் விஷயம் வேறு. மரம் உறிஞ்சுவதில் பெரும்பகுதி இலை வழியே ஆவியாகிவிடும். உடம்பில் தங்குவது கொஞ்சம். வேகமாக வளரும் மரம் அதிகம் குடிக்கும். வற்றாத ஆறு இல்லாத இந்த மாவட்டத்தில் பல ஊர்களுக்குக் கண்மாயும் கிணறும்தான் கதி. தைல மரக் காட்டு வரப்புகள் மழைநீரைக் கண்மாய்க்கு விடாமல் மறிப்பதாகவும் விவசாயிகள் குமுறுகிறார்கள்.

தைல மரத்தை அகற்றச் சொல்லி அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் கோடரி மட்டும் போதாது. வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும். இல்லையேல் பத்தாயம் காலியாகும்வரை தளிரை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தோண்டுகிற செலவை யார் ஏற்பது?